பெயருக்கு முன்னால்

“நேர்ல வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்க ஜாய்ஸம்மா. போன்ல சொல்றதெல்லாம் செல்லாது.”

புலவரையா அட்டைப்படத்தின் நகலை மேசையில் தள்ளி வைத்தார். ‘ஐரின்’ என்ற பெயருக்கு முன்னால் சிவப்பு மையில் ஒரு சிறு வட்டம். தலைப்பெழுத்து இல்லையாம்.

ஜாய்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணிக்குள் அட்டை சிவகாசிக்குப் போனால்தான் சனிக்கிழமை வெளியீட்டு விழாவுக்குப் புத்தகம் வந்து சேரும். அழைப்பிதழ் எல்லாருக்கும் கொடுத்தாயிற்று. ஒற்றை ஆளாக அவள் நடத்தும் பதிப்பகத்தில் இந்த வருஷம் பேர் சொல்லும்படி வரப்போகிற புத்தகம் இது ஒன்றுதான்.

“அவங்க பேரு, அவங்க இஷ்டம் புலவரையா. இனிஷியல் வேணாங்கிறாங்க. விட்டுருவோமே.”

“பேரு அவங்களோடதுதான். புத்தகம் தமிழ்லதானே வருது? தகப்பன் பேரோட முதலெழுத்து இல்லாம ஒரு பேரை எழுதுறது மரபில்லை. மீறணும்னா ஆசிரியர் நேர்ல வரணும்.”

“இப்படி ஒரு விதி எப்ப வந்துச்சு?”

“இருக்கு,” என்றார், தலையைத் தூக்காமல்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். அவரை எதிர்த்துப் பேச ஜாய்ஸுக்கு வாய் வராது. போன வருஷம் டாக்டர் ஜெர்சனின் பெயரை ‘செர்சன்’ என்று திருத்தி வைத்தார். வடமொழி எழுத்து ஆகாதாம். கையெழுத்துப் பிரதியைத் தூக்கிக்கொண்டு போன டாக்டர், போனவர்தான். ஐரினும் அப்படிப் போய்விட்டால்?

ஐரினின் எண்ணை அழுத்தினாள்.

“மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு எட்டு வந்துட்டுப் போயிடுங்களேன்.”

“ஒரு எழுத்துக்காக வில்லாபுரத்துல இருந்து வரணுமா? யாரு அந்த ஆளு?”

“எங்க புரூஃப் பாக்குறவர். வயசானவரு. கொஞ்சம் பிடிவாதம்.”

“வாரேன். என் பேரை எப்படி எழுதணும்னு நானே சொல்லிட்டுப் போறேன்.”

அடுத்த ஒரு மணி நேரம் ஜாய்ஸுக்கு வேலை ஓடவில்லை. அவள் பெயருக்கு முன்னால் முதலில் அப்பாவின் எழுத்து இருந்தது, பிறகு கணவனின் எழுத்து வந்தது. மாற்றும்போது யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. இந்த ஐரினுக்கு மட்டும் எங்கிருந்து இந்தத் தைரியம்?

புலவரையா ஒரே பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் எழுந்து போய் முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு வந்தார். சண்டைக்குத் தயாராகிறார் என்று நினைத்து ஜாய்ஸ் மேலும் பயந்தாள்.

ஐரின் வாசலிலேயே நின்றுவிட்டாள். மாடிப்படி ஏறிய இளைப்பு போல.

“இவர்தானா?”

“ஆமா மேடம். உள்ள வாங்க, உக்காருங்க.”

எந்த எழுத்தாளருக்கும் எழுந்திருக்காத புலவரையா எழுந்து நின்றார். பிறகு அவசரமாக உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். “தலைப்பெழுத்து விஷயமா...”

“வேணாம்னு போன்லயே சொல்லிட்டேன் சார்.”

“காரணம் தெரிஞ்சா நல்லது.”

“காரணமா?” அவள் குரல் ஏறவில்லை. “அந்த எழுத்துக்குச் சொந்தக்காரரு, நான் சிக்கந்தரைக் கட்டிக்கப் போறேன்னு சொன்ன மறுநாளே தாலுகா ஆபீசுக்குப் போயி, ரேஷன் கார்டுல இருந்து என் பேரை எடுத்துட்டாரு. பதினோரு வருஷமாச்சு. அவரு கார்டுல நான் இல்லை. என் அட்டையில அவரு இல்லை. உங்க இலக்கணத்துல இதுக்கு இடமிருக்கா சார்?”

புத்தகம் கையை விட்டுப் போகிறது என்று ஜாய்ஸுக்குத் தோன்றியது. எதையாவது பேசி ஆற்ற வேண்டுமே என்று கேட்டு வைத்தாள்.

“அப்பா இப்ப... இருக்காங்களா மேடம்?”

“இருக்காரு.” ஐரின் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ரொம்ப மெலிஞ்சு போயிட்டாரு.”

புலவரையா சிவப்புப் பேனாவின் மூடியைத் திறக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

“அவரு செஞ்சது தப்புத்தான்,” என்றார். “அப்ப அதுதான் முறைன்னு நினைச்சிருப்பாரு.”

“நினைச்சிருப்பாரு.”

அவர் தான் போட்ட வட்டத்தை அடித்தார். கீழே ‘ஆசிரியர் விருப்பப்படி’ என்று எழுதி அவள் பக்கம் நகர்த்தினார். அவள் வெறும் ‘ஐரின்’ என்று கையெழுத்திட்டாள்.

“புத்தகம் முழுக்கப் படிச்சேன்,” என்றார் மெதுவாக. “ஒரு ஒற்றுப்பிழை இல்லை.”

வாசல்வரை போனவள் திரும்பாமலே சொன்னாள். “சொல்லிக் குடுத்தவங்க நல்லாச் சொல்லிக் குடுத்தாங்க சார்.”

செருப்புச் சத்தம் படியிறங்கிப் போனது. ஜாய்ஸ் அட்டையைச் சிவகாசிக்கு அனுப்பினாள். மணி இரண்டே கால். மூச்சு சீரானதும்தான் கோபம் வந்தது.

“ஒரு எழுத்துக்கு இம்புட்டு அலைக்கழிப்பா புலவரையா? என் உசுரே போயிருச்சு. அப்பவே சரின்னு விட்டிருந்தா உங்களுக்கு என்ன குறைஞ்சிருக்கும்?”

புலவரையா ஜன்னலோரம் நின்று, கீழே ஐரினின் பைக் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“விட்டிருந்தா, எம்மக இந்தப் படி ஏறியிருப்பாளா ஜாய்ஸம்மா?”