காதோரம் ஒரு மொழிபெயர்ப்பு

"இந்த ஊர் பாஷையில ஒரு வார்த்தை தெரியாது. உனக்கெதுக்கு நாடகம்?" என்று சலித்துக்கொண்டேதான் கணவன் அவளை அரங்கத்துக்கு அழைத்து வந்திருந்தான்.

காலங்காலமாக நடிக்கப்படும் நாடகம். மேடையில் ராணி, தனக்குத் துரோகம் செய்த ராஜாவிடம் நிதானமாக ஏதோ சொன்னாள். அரங்கமே உறைந்தது.

"என்னங்க சொல்றா?"

"மன்னிச்சிட்டேங்கறா. பாரு, எவ்வளவு பெரிய மனசு!" என்று காதோரம் கிசுகிசுத்தான்.

இடைவேளையில் பக்கத்து இருக்கைப் பெண்மணி அவளிடம் ராணியைப் பற்றி ஏதோ கேட்டாள்.

"அவனை மன்னிக்காததுதான் சரி" என்று அந்த மொழியிலேயே தடுமாறாமல் பதில் சொன்னாள் மனைவி.

அவன் முகம் வெளிறியது. "இந்த பாஷை... உனக்கெப்படி?"

"உங்க போனுக்கு அவ அனுப்பற மெசேஜையெல்லாம் வேற யார்கிட்டங்க காட்டிப் படிக்கச் சொல்றது? மானம் போயிடாதா? அதான், நானே கத்துக்கிட்டேன்."