கை வைக்காமப் பாருங்க

மேசையில் விரித்த செய்தித்தாளின் ஓரத்தில் அது கிடந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவள் பார்த்துவிட்டாள்.

"கை வைக்காமப் பாருங்க. உங்களோடது எதுன்னு மட்டும் சொல்லுங்க," என்றார் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர்.

அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. முந்தானையைப் பிடித்தாள். விட்டாள். மறுபடி பிடித்தாள்.

பாதிச் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு வெள்ளித் தாயத்து. கறுப்புக் கயிறுகூட அப்படியே இருந்தது.

வீட்டில் திருட்டுப் போன நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. செயினை நினைத்து உருகுகிறாள் என்று தெருவே பேசியது. செயின் நாசமாய்ப் போகட்டும். அடுப்படியில் இருந்த டப்பா ஒவ்வொன்றையும் முறத்தில் கொட்டிக் கொட்டிப் பார்த்தாள். என்ன தேடுற என்று மதியரசு கேட்டான். எறும்பு என்றாள். கட்டின புருஷனிடம் வேறு என்ன சொல்வது?

சுவரோரம் தரையில் திருடன் உட்கார்ந்திருந்தான். ஒல்லியான ஆள். நிம்மதியாக டீயில் பன்னை முக்கித் தின்றுகொண்டிருந்தான்.

திருட்டு முழி முழித்தது அவள்தான்.

மதியரசு ஒவ்வொன்றாக விரல் நீட்டினான். "இந்தச் செயின் எங்களோடது சார். அந்தக் குத்துவிளக்கும். டிரில்லிங் மெஷின் என்னோடது."

தாயத்தைத் தாண்டி விரல் போய்விட்டது. அவன் எப்படிச் சொல்வான்? அது வீட்டில் இருந்ததே அவனுக்குத் தெரியாது.

கனிஷ்காவின் தொப்புள்கொடி அதற்குள் இருக்கிறது. பிள்ளையின் உடம்பில் மண்ணுக்குள் போகாமல் மிஞ்சியது அது ஒன்றுதான்.

மூன்று வயதில் போய்விட்டாள்.

காரியம் முடிந்த கையோடு மாமியார் எல்லாவற்றையும் மூட்டை கட்டி ஆற்றில் விடச் சொன்னார். பாவாடை, பால் டம்ளர், வாய் பிளந்த ரப்பர் வாத்து. பிள்ளையின் பொருள் எதையாவது வைத்துக்கொண்டால் அடுத்தது தங்காதாம். சொன்னதோடு விட்டாரா? குலசாமி கோயிலுக்கு இழுத்துப் போய்க் கற்பூரம் ஏற்ற வைத்தார். அவளும் மதியரசும் சேர்ந்து நின்று, எங்களிடம் எதுவும் இல்லை என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தார்கள்.

அவள் செய்தது பொய்ச் சத்தியம்.

அதற்குப் பிறகு ஒன்று உண்டானது.

தங்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் தாயத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிவரை போனாள். கையை ஓங்கினாள். மனசு வரவில்லை. அடப் போங்கடா என்று திரும்பக் கொண்டுவந்து ஒளித்து வைத்தாள்.

மதியரசு இன்றைக்கும் பிள்ளை வரம் கேட்டுச் செவ்வாய் தவறாமல் விரதம் இருக்கிறான். இது என்னுடையது என்று அவள் வாயைத் திறந்தால், அந்தப் பிள்ளை ஏன் தங்கவில்லை என்று அவனுக்குப் பதில் கிடைத்துவிடும். அவன் முகத்தில் அதைப் பார்க்க அவளால் முடியாது.

வாயைத் திறக்காவிட்டால் கனிஷ்கா இந்த மேசையிலேயே கிடப்பாள்.

"இது யாரோடது?" ரைட்டர் தாயத்தைப் பேனாவால் தள்ளினார்.

மதியரசு உதட்டைப் பிதுக்கினான்.

அவர் அதை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே ஏதோ உருண்டது.

"என்னத்த அடைச்சு வச்சிருக்கானுங்க..." கட்டைவிரல் நகத்தை மூடியில் கொடுத்து நெம்பினார்.

"திறக்காதீங்க சார்!"

ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது.

திருடன் உதவிக்கு வந்தான். "அந்த அக்காவோடதுதான் சார். உளுந்து டப்பாக்குள்ள, அடியில கெடந்துச்சு. துணியெல்லாம் சுத்தி வச்சிருந்தாங்க."

பாவி. வாய் நிறைய பன்னை வைத்துக்கொண்டு பேசுகிறான்.

தொலைந்தோம் என்று நினைத்தாள். மதியரசு பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. கத்தட்டும். இத்தனை பேர் முன்னால் கை ஓங்கினாலும் ஓங்கட்டும். அம்மா வீட்டுக்குப் போ என்றால் போய்க்கொள்ளலாம். ரைட்டர் கையிலிருந்து தாயத்தை வெடுக்கென்று பிடுங்கினாள். அவர் தடுக்கவில்லை.

மதியரசு கத்தவில்லை.

அவளைத் தாண்டிப் போனான். திருடன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவன் தோளைப் பிடித்தான்.

"என் டூல்ஸ் பைக்குள்ள பாப்பாவோட ஒத்தக் கொலுசு இருந்துச்சே. அத என்னடா பண்ணுன?"

காதில் விழுந்தது அவளுக்கு முதலில் புரியவில்லை.

பிறகு புரிந்தது. குழிக்குள் இறக்கும்போது பிள்ளையின் ஒரு கால் வெறுங்காலாக இருந்தது. ஆஸ்பத்திரியில் எங்காவது விழுந்திருக்கும், விடு என்று அவன்தான் சொன்னான்.

"அதுவாண்ணே?" திருடன் பன்னைக் கீழே வைத்தான். "உரசிப் பாத்தேன். வெள்ளி இல்ல. போற வழியில தூக்கி எறிஞ்சிட்டேன்."

"எங்கடா?"

இரண்டு பேரும் ஒன்றாகக் கேட்டார்கள்.