இரண்டு கிராம்பு

இரண்டு கிராம்பு போதும் என்று நானே முடிவு செய்தேன்.

வாணலியில் பட்டையும் ஏலக்காயும் சுக்கும் சூடேறிக்கொண்டிருந்தன. ஞாயிற்றுக்கிழமை மதியம். மேடையில் பால் பவுடர், பொடித்த சர்க்கரை, அரை ஜாதிக்காய். பக்கத்தில், என்னோடு வேலை பார்க்கும் மெழுகக்காவின் கண்ணாடி பாட்டில். அதன் அடியில் ஒரு கரண்டிப் பொடிதான் மிச்சம். மற்றதெல்லாம் என் வயிற்றுக்குள் போயிருந்தது.

"வெந்நீர் வைக்கத் தெரியாத மனுஷன் சல்லடை கேக்குறாரு. யாருக்குங்க இந்த உபசாரம்?" என்றாள் மனைவி.

லேப்பில் எல்லோருக்கும் என்று சொன்னேன். கூசாமல் சொல்லிவிட்டேன், காது மட்டும் சுட்டது.

நாங்கள் வேலை பார்ப்பது செயற்கைப் பல் செய்யும் லேப்பில். பல்லுக்கு மெழுகில் உருவம் கொடுப்பது மெழுகக்காவின் வேலை, அதனால்தான் அந்தப் பெயர். நிறம் ஏற்றுவது என் வேலை. பக்கத்துப் பல்லில் காபிக் கறை இருந்தால் புதுப் பல்லிலும் அதே கறையைத் தீட்டுவேன். பளிச்சென்று விட்டுவிட்டால் பொய்ப்பல் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

மெழுகக்காவின் அம்மா மாதம் ஒரு பாட்டில் மசாலா க்ரீமர் செய்து கொடுப்பார். காபியில் ஒரு கரண்டி போட்டால் போதும், வேறு பால் சர்க்கரை எதுவும் வேண்டாம். அக்கா அதை அலமாரியில் ப்ளாஸ்டர் டப்பாக்களுக்குப் பின்னால் வைப்பார். அவர் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து தினமும் ஒரு கரண்டி எடுத்துவிடுவேன்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். முதல் நாளே கேட்காமல் எடுத்துவிட்டேன். அப்புறம் எந்த முகத்தோடு கேட்பது?

ஒருநாள், இந்த லேப் எலிக்குக் கரண்டி பிடிக்கத் தெரிகிறது என்று பொதுவாகச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். மறுநாளும் எடுத்தேன்.

போன மாதம் அம்மாவுக்கு முடியாமல் போய் அக்கா லீவு போட்டார். அலமாரி என் ராஜ்ஜியமானது. காலையில் ஒன்று, மாலையில் இரண்டு. அந்த மாத பாட்டிலில் கிராம்பு தூக்கல்தான். இரண்டு வாய் குடித்தால் நாக்கு மரத்துப்போகும். அதற்காக விட்டேனா? சர்க்கரையைக் கூடப் போட்டுக் குடித்தேன்.

மூன்றாவது வாரம் அம்மா போய்விட்டார்.

துக்கம் கேட்கப் போனபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அலமாரியில அம்மா குடுத்த பாட்டில் இருக்கு தம்பி. அதுதான் கடைசி. யாரும் எடுக்காம நீ பாத்துக்கோ."

தலையாட்டினேன். சனிக்கிழமை சாயங்காலம் பாட்டிலை வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அதனால்தான் இந்த வாணலி, இந்தச் சல்லடை. முதல் தடவை சூட்டோடு பால் பவுடரைக் கொட்டி எல்லாம் கட்டி தட்டிப்போனது. இரண்டாவது தடவை மசாலாவை ஆறவைத்து, பொடித்து, மூன்று முறை சலித்தேன். மிச்சமிருந்த பழைய பொடியைத் தொட்டுத் தொட்டு நாக்கில் வைத்து ஒப்பிட்டேன். நிறம் சரி. இனிப்பு சரி. கிராம்பில்தான் கை நின்றது. அதே மாதிரி வர வேண்டுமென்றால் ஏழெட்டாவது போட வேண்டும்.

போய்ச் சேர்ந்தவரின் கைப்பக்குவத்தில் ஒரு குறையை எதற்கு விட்டுவைக்க வேண்டும்? கடைசி பாட்டில் நன்றாகவே இருக்கட்டும். அவருக்கு நான் செய்யும் மரியாதை என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

பழைய பொடியில் ஒரு சிட்டிகை மிஞ்சியது. கொட்ட மனம் வரவில்லை. காகிதத்தில் மடித்து, மறுநாள் போடும் சட்டையின் பையில் வைத்தேன். புதுப் பொடியை பாட்டிலில் நிரப்பினேன். பாதிக்குக் கொஞ்சம் மேலே, அக்கா விட்டுப்போன அளவுக்கு.

திங்கட்கிழமை அக்கா வருவதற்கு முன்பே பாட்டில் ப்ளாஸ்டர் டப்பாக்களுக்குப் பின்னால் இருந்தது.

வந்தார். கை கழுவினார். நேராக அலமாரிக்குப் போனார். இரண்டு காபி கலந்து, ஒன்றை என் மேசையில் வைத்தார். இத்தனை நாளில் நான் திருடாமல் எனக்குக் கிடைத்த முதல் கோப்பை அது. கையில் எடுக்கவே கூச்சமாக இருந்தது.

அக்கா ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். முகம் மாறியது. மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன்.

"கிராம்பு அதிகமாவே இல்லையே தம்பி," என்றார். "நல்லாத்தானே இருக்கு. இதை வாயில வெச்சுட்டுத்தான், நாக்கு செத்துப்போச்சு, உன்னை யாரு இதெல்லாம் செய்யச் சொன்னதுன்னு அம்மாகிட்ட கத்திட்டு வந்தேன். அதுக்கப்புறம் அம்மா எங்கிட்ட சரியாப் பேசவே இல்ல."

கோப்பையை வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"நல்லா இருந்ததைப் போய் அப்படிச் சொல்லிட்டேனே."

நான் பேசாமல் இருந்தால் தப்பித்துவிடுவேன். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அம்மாவை அநியாயமாகத் திட்டிவிட்டதாக அவர்தான் ஆயுசுக்கும் அழுவார். பதினொரு வருடமாகக் கறையைக்கூட விடாமல் தீட்டுகிறவன், இதில் மட்டும் குறையைத் தீட்டாமல் விட்டுவிட்டேன்.

சட்டைப்பையில் கை விட்டேன். பொட்டலத்தை எடுத்து அவர் முன்னால் பிரித்து வைத்தேன்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று நான் யோசிப்பதற்குள் கிராம்பு வாசனை அவரை எட்டிவிட்டது.