குடும்பத்தார் அறை

பக்கத்து அறையில் ஆண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"என் பேரு தங்கவேலுங்க. நான் ஒரு குடிநோயாளி."

"வணக்கம் தங்கவேலு."

அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். நடுவில் இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. எல்லாம் கேட்டது.

அவள் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மனைவிகளோடு.

குடிப்பது அவள்.

குடியை விட, கோயம்புத்தூரில் அவள் தேடிப் போன மூன்றாவது கூட்டம் இது. முதல் இடத்தில், வாசலில் டீ ஊற்றிக்கொண்டிருந்தவர், "வூட்டுக்காரரு வரலீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு அப்படியே திரும்பிவிட்டாள். இரண்டாவது இடத்தில் துணிந்து உள்ளேயே போனாள். பேச்சு நின்றது. ஒருவர் எழுந்து, நாற்காலியைத் தூக்கிவந்து வராந்தாவில் போட்டு, அவர் வரும்வரை உட்காருங்கம்மா என்றார்.

அத்தனை மரியாதை. யாராவது முகம் சுளித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பாள்.

இங்கே, தேவாலயத்தை ஒட்டிய பள்ளிக்கூடத்தில், சம்பூரணம் என்று ஓர் அம்மாள் வாசலிலேயே எதிர்கொண்டாள். "வா கண்ணு, நம்ம ரூம்பு இதுதான்" என்று அழைத்துவந்து, குழந்தைகள் உட்காரும் குட்டை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டாள். ஒரு வார்த்தை சொல்ல இடம் கொடுக்கவில்லை.

நம்ம ரூம்பு.

அவளை யாரும் நம்ம என்று சேர்த்துப் பேசி வெகுநாளாகிவிட்டது. அந்த ஒரு சொல்லுக்காகவே எழுந்து போகாமல் இருந்துவிட்டாள்.

"உங்கூட்டுக்காரரு எத்தன வருசமா குடிக்கறாரு?" என்று கேட்டாள் சம்பூரணம்.

அவளுடைய கணவர், மோர் கொஞ்சம் புளித்திருந்தாலே ஒதுக்கிவைக்கும் மனிதர். மகனை அழைத்துக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். கத்தவில்லை, கை ஓங்கவில்லை. உனக்குச் சரியானதும் சொல், பையனைக் கூட்டிவருகிறேன் என்று மட்டும் சொன்னார். சொந்தக்காரர்களிடம் அவளுக்கு ஒற்றைத் தலைவலி என்று சொல்லிவைத்திருக்கிறார்.

"ரொம்ப வருசமாங்க," என்றாள்.

அதற்குப் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை.

கடைக்குத் தானே போகமாட்டார், தெரிந்த ஆட்டோக்காரரை அனுப்புவார் என்றாள். வாசனை தெரியாமல் இருக்கக் கிராம்பு மெல்லுவார். பாட்டிலை அரிசி டிரம்முக்குள் புதைத்துவைப்பார்.

அரிசி டிரம் என்றதும் சம்பூரணம் நிமிர்ந்து பார்த்தாள். தினமும் அதில் கை விடுவது வீட்டுப் பெண்தானே.

பையனுடைய பிறந்தநாளன்று கேக் வெட்டும் நேரத்தில் குளியலறையில் விழுந்து கிடந்தார் என்றாள். பையன் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். உள்ளே கேட்டது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மடியில் கைக்குழந்தையோடு இருந்த ஒருத்திக்குக் கோபமே வந்துவிட்டது.

"அந்தாளத் தொரத்தி உடுங்கக்கா. பையன் பக்கத்துலயே சேத்தாதீங்க."

எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

அவளுக்குச் சுருக்கென்றது.

"அப்படியெல்லாம் இல்லீங்க. நல்ல மனுசனுங்க. பையன்னா உசுருங்க. உட்டுரோணும்னுதான் தெனமும் நெனைக்கறாரு."

அவளுக்காக ஒருவர் நல்லதாக நாலு வார்த்தை பேசி எத்தனையோ காலமாயிற்று. அதையும் அவளேதான் பேசிக்கொள்ள வேண்டியிருந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

வெளியே டம்ளர்களை எடுத்துவைக்கும் சத்தம் கேட்டது. கூட்டம் முடியப் போகிறது.

இன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் யாரும் இல்லை. போனில் ஆட்டோக்காரரின் எண் இருக்கிறது. பையன் பாட்டி வீட்டிலேயே வளர்ந்துவிடுவான். இன்னொரு கூட்டத்தைத் தேடிப் போய், இன்னொரு வாசலில் நிற்க அவளுக்குத் தெம்பில்லை.

சம்பூரணம் நகர்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாத கண்ணு. நாம அழுது ஒண்ணும் ஆகப்போறதில்ல. அவரே வந்து, அவரு வாயாலயே சொல்லோணும். அடுத்த வாரம் எப்படியாச்சும் கூட்டிட்டு வந்துரு."

 அவள் நிமிர்ந்து சம்பூரணத்தைப் பார்த்தாள்.

"கூட்டிட்டு வந்துட்டனுங்கக்கா."

எல்லோரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சம்பூரணம் மட்டும் திரும்பவில்லை. பிடித்த கையை விடவும் இல்லை.