போயாவுக்கு முதல் நாள்

நான் சொல்லுறதெல்லாம் உண்மை. ஒரு சொல்லுப் பொய்யெண்டாலும் இந்த நாக்கில இனிச் சம்பல் படாமப் போகட்டும்.

ஒரு தீவில, இறைச்சிக் கடைக்குப் பின்னால ஒரு சேவலும் ஒரு கிடாயும் நிண்டுதுகள். சேவலுக்குக் கலண்டர் பார்க்கிறதுதான் வேலை.

"தீபாவளி, ஹஜ்ஜு, நத்தார், எது வந்தாலும் எங்கட கழுத்துத்தான் மச்சான். புத்த சமயத்தாக்களின்ர பௌர்ணமிப் போயா மட்டும்தான் எங்கட பெருநாள். அண்டைக்கு இறைச்சிக் கடையெல்லாம் பூட்டு."

"அது எப்ப?" எண்டு கேட்டுது கிடாய்.

"நாளைக்கு. இண்டைக்கு மட்டும் மூச்சுக் காட்டாம இரு, தப்பியிடுவம்."

கொஞ்சத்தில கடை முன்னால ஒரே சத்தம். கிடாய் எட்டிப் பார்த்துது.

"சிவநேசன், பியதாச, நிஸ்தார், அன்ரனி, நாலு சமயமும் ஒரே வரிசையில நிக்குது."

"ஏனாம்?"

"நாளைக்கு லீவாம், வீட்டில எல்லாரும் நிப்பினமாம். கடை பூட்டெண்டு இண்டைக்கே வாங்க வந்திருக்கினம்."

சேவல் கலண்டரை இன்னொருக்காப் பார்த்துது. "போயாவுக்கு முதல் நாளும் லீவு விட்டா என்ன மச்சான்?"

பதில் சொல்லக் கிடாய் அங்க இல்ல.

கதை அவ்வளவுதான். சொன்ன கூலிக்கு ஆளுக்கொரு கறித்துண்டு எனக்கு அனுப்புங்கோ. இண்டைக்கே அனுப்புங்கோ, நாளைக்குக் கடை பூட்டு.