சந்தனம் பூசிய மெஷின்

“சந்தனத்தை இன்னும் நல்லா அப்புய்யா. பூஜை போட்ட மாதிரி தெரியட்டும்” என்றார் நாராயணசாமி.

மச்சினன் பச்சமுத்து, மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டும் மெஷினின் பக்கவாட்டில் ஒரு கை சந்தனத்தை அப்பினார். ‘வாடகைக்குக் கிடைக்கும்’ என்ற எழுத்தும் கீழே இருந்த போன் நம்பரும் மறைந்தன.

நாராயணசாமியின் மகன் இளஞ்செழியனுக்குப் பெண் கொடுக்கும் முன், களமருதூர்க்காரர்கள் இன்று வீடு பார்க்க வருகிறார்கள். “எங்க வூட்ல யாரும் அரிவாளால தட்டு நறுக்கினது கெடையாது. மெஷின்தான்” என்று நாராயணசாமி தரகரிடம் சொல்லிவிட்டார். அவர் குடும்பத்தில் சொன்ன சொல் மாறியவர் எவருமில்லை. இன்று மாறினால் சம்பந்தமும் போய்விடும்.

“நம்மூர்லயே ஒண்ணு வாடகைக்கு இருந்திச்சே, மாமா?”

“ஊர் சிரிக்கவா? போன்லயே பேசி, நேத்து வண்டிய அனுப்பி ஏத்தியாந்த உளுந்தூர்பேட்டைப் பக்கத்து மெஷின்னா எவனுக்குத் தெரியும்?”

பெண்ணின் அப்பா தனசேகரனும் அம்மா கண்ணகியும் வந்தார்கள். வீட்டுச் சுவரைக்கூடப் பார்க்கவில்லை. நேராக மாட்டுத் தொட்டிக்குப் போனார்கள். சோளத்தட்டு ஓர் அங்குலத் துண்டுகளாகக் கிடந்தது.

“மாடு ஒரு துண்டைக்கூட ஒதுக்காது” என்றார் நாராயணசாமி.

கண்ணகி மெஷினைச் சுற்றி வந்தார். “எத்தினி வருஷமா வச்சிக்கினு இருக்கீங்க?”

“அது ஆச்சு, நாலு வருஷம்.”

தனசேகரன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

“ஓட்டிக் காட்டுங்களேன், பாப்போம்” என்றார் கண்ணகி.

நாராயணசாமி வீறாப்பாக ஒரு கட்டுத் தட்டையும் மொத்தமாகத் திணித்தார். மெஷின் உறுமியது, அப்படியே நின்றுவிட்டது.

“கரண்டு கம்மி” என்றார், வியர்வையைத் துடைத்தபடி.

“மொதல்ல சுவிச்ச நிறுத்துங்க” என்றார் கண்ணகி. மூடிக்கு அடியில், வெளியே தெரியாத ஒரு கம்பியைப் பார்க்காமலே பிடித்துப் பின்னால் தள்ளினார். சிக்கிய தட்டு பின்வாங்கி வந்தது. சுவிட்சைப் போட்டதும் மெஷின் சீராக ஓடியது.

நாராயணசாமி மீசையை நீவிக்கொண்டார். “சம்பந்தியம்மாவுக்கு மெஷின் வேலையெல்லாம் அத்துப்படி போலிருக்கே!”

கண்ணகி சிரிக்காமல் சொன்னார்:

“பொண்ணுக்குச் சீரா இதத்தாங்க குடுக்கலாம்னு இருந்தோம், அதுக்குள்ள நேத்தே எங்க வூட்லேர்ந்து ஏத்திக்கினு வந்துட்டீங்களே!”