பொங்கல்படி

சுத்தமான கைகளாம். எந்தக் கையைச் சொல்கிறான்?

நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்து, தம்பியின் மனுவை அவள் மூன்றாம் முறையாகப் படித்தாள்.

அப்பாவின் வீட்டில் பங்கு கேட்டு அவள் போட்ட வழக்கை, விசாரிக்காமலேயே தள்ளிவிடச் சொல்லும் மனு.

வாதி பத்தொன்பது ஆண்டுகளாகப் பிறந்த வீட்டுச் சீரான பொங்கல்படியைப் பெற்றுவந்தார். பங்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. படியையே பங்காக ஏற்றுக்கொண்டவர், இன்று நியாயம் கேட்டுச் சுத்தமான கைகளோடு வரவில்லை.

கரும்பு, பனங்கிழங்கு, மஞ்சள் குலை, சேலை. எதையும் விடாமல் எழுதியிருந்தான்.

பொங்கலுக்கு முந்தின நாள், விடிந்ததிலிருந்து அவள் தெருமுனையைப் பார்த்தபடி இருந்ததை எழுதவில்லை. அது அவனுக்கு எப்படித் தெரியும்?

சைக்கிளில் கரும்பைச் சாய்த்துக் கட்டிக்கொண்டு வருவான். வாசலில் நின்று, "எக்கா" என்பான்.

புகுந்த வீட்டில் அன்று ஒரு நாள் மட்டும் அவள் சத்தமாகச் சிரிப்பாள்.

வக்கீல் இசக்கியப்பன் பதில் மனுவை நீட்டினார். அவளைவிடச் சின்னவர்.

"படி எதுவும் வாங்கலைன்னு எழுதிருக்கேன்க்கா. கடைசிப் பக்கத்துல ஒரு கையெழுத்து."

"வாங்கினேன்லா."

"ரசீதா குடுத்தீங்க? ஒத்துக்கிட்டீங்கன்னா வழக்கு இன்னைக்கே போனாலும் போயிரும்."

எதிர் பெஞ்சில் இருந்த தம்பிக்கும் கேட்டிருக்க வேண்டும். செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் பேனாவைத் திறந்தாள்.

புருஷன் போய் ஒரு வருடம். இருக்கிற வாடகை வீட்டைத் தை முடிவதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஓர் அறை வேண்டும். வேண்டும்தான்.

அவன் படியைப் பங்கு என்று எழுதிவிட்டான். வக்கீலோ அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று எழுதி வந்திருக்கிறார். அதற்கு நான் கையெழுத்துப் போட்டால், பத்தொன்பது வருடம் அந்த வாசலில் காத்து நின்றது யார்?

உள்ளே வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள்.

"எக்கா, சீக்கிரம்" என்றார் வக்கீல்.

பேனாவை மூடினாள். தாள்களை அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"வாங்கினேன்னே எழுதுங்க. படி வேற, பங்கு வேற. ரெண்டும் எனக்கு உள்ளதுதான்."

"நீதிபதி ஏத்துக்கலைன்னா?"

அவள் எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். எதிர் பெஞ்சில் இன்னும் தலை நிமிரவில்லை.

"தம்பி, வா. கூப்பிடுதாங்க."

சொல்லிவிட்டு, முன்னால் உள்ளே போனாள்.